ஆப்பிரிக்கடவுன்: ஓர் ஊரின் வரலாற்றைச் சேகரிக்கும்போது நேரும் தவறுகள்

1860 ஜூலையில் சுமார் 110 ஆப்பிரிக்கர்களை அலபாமா மாநிலத்துக்குக் கடத்தி வந்தது கிளோட்டில்டா என்ற கப்பல். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கச் சட்டம் 1808-லேயே தடை செய்துவிட்டதால், ஆட்களை இறக்கியதும் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து விடுதலை கிடைத்தபோது, தாய்மண் திரும்ப வழியில்லாத அந்த மக்கள் கூலிக்கு உழைத்து, காசு சேர்த்து, நிலம் வாங்கி உருவாக்கிய ஊர் ஆப்பிரிக்கடவுன். கறுப்பின அமெரிக்கர்களின் ஊர் வரலாற்றைத் தொகுக்க வருபவர்கள் எங்கெல்லாம் சறுக்குகிறார்கள் என்பதை இந்த ஊரை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆவணம் இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. கப்பலின் கதையை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள். மொபீல் ஆற்றுப் படுகையில் கிடந்த சிதைவு அந்தக் கப்பல்தான் என்று 2019-இல் உறுதியானது. ஆதாரத்தை எரித்தது கடத்தியவர்கள். அதைக் காட்டு என்று கடத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, பேச்சைத் திருத்துவது. கப்பலில் வந்தவர்களில் ஒருவரான கோசோலாவை (அமெரிக்காவில் குட்ஜோ லூயிஸ்) எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1920-களின் இறுதியில் நேரில் கண்டு பேசி, அவர் பேசியபடியே எழுதினார். பதிப்பகம் அந்தக் கொச்சையை மாற்றச் சொன்னது, அவர் மறுத்தார். 1931-இல் முடித்த நூல் 2018-இல்தான் அச்சேறியது. நீங்கள் பதிவுசெய்யும் முதியவர் தடுமாறினாலும், ஒன்றையே இரண்டு முறை சொன்னாலும், அப்படியே எழுதுங்கள். விளக்கத்தை அடிக்குறிப்பில் தனியாகக் கொடுக்கலாம்.

‘கடைசி மனிதர்’ போன்ற பட்டங்களுக்கு அவசரப்படாதீர்கள். 1935-இல் இறந்த கோசோலாவையே அந்தக் கப்பலின் கடைசி ஆளாக வெகுகாலம் எழுதினார்கள். அவருக்குப் பிறகும் ரெடோஷி, மட்டில்டா மெக்கிரியர் என்ற இரு பெண்கள் உயிரோடு இருந்தது 2019, 2020 ஆண்டுகளில்தான் வெளியே தெரிந்தது. மட்டில்டா இறந்தது 1940-இல். ஆப்பிரிக்கடவுனில் வாழாத பெண்கள் என்பதால் யாரும் தேடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குள் இருக்கும் பாட்டிகளையும், ஊரைவிட்டுப் போன குடும்பங்களையும் முதலில் கேளுங்கள்.

தமிழில் எழுதும் நாம் சொல்லிலும் தவறுகிறோம். 1921-இல் அமெரிக்காவின் துல்சா நகரின் கிரீன்வுட் பகுதியில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று, 35 தெருப்பகுதிகளை எரித்ததை இன்றும் ‘கலவரம்’ என்று எழுதுகிறோம். அங்கே அந்தச் சொல்லையே காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு மறுத்தன. ‘படுகொலை’ என்று எழுதுங்கள்.

கப்பலோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கட்டிய தேவாலயம், பள்ளி, இடுகாடு, பிற்பாடு வந்த காகித ஆலைகளின் நச்சுப்புகை எல்லாம் ஊரின் வரலாறுதான். புகைப்படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியைக் குடும்பத்திடம் கொடுங்கள். சேகரித்ததைத் தொலைதூர நகரத்து அலமாரிக்குள் பூட்டிவிட்டால் ஊர்ப்பிள்ளைகள் பார்ப்பது எப்போது? கிளோட்டில்டாவின் மரத்துண்டுகள் 2023 ஜூலை முதல் ஆப்பிரிக்கடவுனிலேயே, அந்த மக்களின் வழித்தோன்றல்கள் நடந்துபோய்ப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன.