ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

நெரிசலில் புகுந்து செல்லும் வசதியும், நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாத நிம்மதியும் ஸ்கூட்டரை அன்றாடப் பயணத்துக்கு ஏற்ற வாகனமாக்குகின்றன. ஆனால் அதன் சக்கரங்கள் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குல அளவே உள்ளவை என்பதால், மோட்டார் சைக்கிள் எளிதாகக் கடந்துவிடும் பள்ளம்கூட ஸ்கூட்டரை நிலைகுலையச் செய்யலாம். ஆகவே முன்னால் செல்லும் வாகனத்தை ஒட்டிச் செல்லாமல், சாலைப் பரப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 11 மீட்டரைக் கடந்துவிடுகிறார்.

வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள்.

மழைதான் உண்மையான சோதனை. தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். அப்போது சற்று ஒதுங்கி நின்று, மழை சாலையைக் கழுவிய பின் கிளம்புவதே நல்லது என்று கருதுகிறேன். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள் ஆகியவற்றின் மீது பிரேக் பிடிப்பதையும் வண்டியைச் சாய்ப்பதையும் தவிருங்கள். பின் பிரேக்கை மட்டுமே நம்புவோர் பலர். இது ஆபத்தான பழக்கம். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து, அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். தேங்கிய நீரைக் கடந்த பின், டிரம் பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டினால், ஈரம் காய்ந்து பிடிமானம் திரும்பும்.

மழையங்கியும் ஒரு மாற்றுச் சட்டையும் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.