பாண் வந்த வழி: முன்பள்ளியில் உலகத்தை விளையாடிப் பார்ப்பது

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு உலகத்தைக் காட்ட விரும்பினால், உலகப் படத்தைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்கள். கொடிகளையும் தலைநகரங்களையும் ஒப்புவித்தால் பெற்றோருக்குச் சந்தோசம். பிள்ளைக்கு அது வெறும் சத்தம். காலையில் அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டு வந்த பாணிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

திருகோணமலை முன்பள்ளிகளுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. எங்கள் வயல்களில் விளைவது நெல். கோதுமை அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் விளைந்து, கப்பலேறி, சீனன்குடாவில் பிறிமா ஆலையில் மாவாகி, லொறியில் பேக்கரிக்குப் போகிறது. அந்தப் பாதையின் கடைசிப் பகுதி முழுக்க எங்கள் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. முடிந்தால் ஒரு நாள் பிள்ளைகளை உட்துறைமுக வீதிக் கரைக்குக் கூட்டிப்போய், கப்பல் ஏதும் நிற்கிறதா என்று பார்க்க விடுங்கள். விளக்கம் வேண்டாம், பார்த்தால் போதும்.

மறுநாள் ஒரு தட்டில் முழுக் கோதுமை, இன்னொன்றில் நெல். எது எதுவென்று நீங்கள் சொல்ல வேண்டாம். நெல் சொரசொரக்கும், கோதுமை வழுக்கும், அதன் நடுவில் ஒரு கோடு ஓடும், விரலே கண்டுபிடிக்கட்டும். கொஞ்சத்தைத் திருகையில் அரைத்துக் காட்டுங்கள். இரண்டையும் ஈரப் பஞ்சில் போட்டு யன்னலோரம் வையுங்கள், முளைவிடும். சின்னப் பிள்ளைகள் மணியை மூக்கில் போட்டுவிடுவார்கள். அந்த நேரம் பக்கத்திலேயே இருங்கள்.

பிறகுதான் கப்பல். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய காட்போட் பெட்டி ஒன்று, தரையில் கடலாக விரிக்க ஒரு பழைய நீலச் சேலை, கோதுமைக்குப் பதிலாகக் குருத்துமணல், அள்ளச் சிரட்டைகள். கோதுமை பெரும்பாலும் மூட்டையாக வருவதில்லை, கப்பலுக்குள் குவியலாக வரும். அதனால் சிரட்டையால் அள்ளுவதுதான் பொருத்தம். மாலுமி, ஆலைக்காரர், லொறிச் சாரதி, பேக்கரிக்காரர், கடைக்காரர் யார் யார் என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் சாரதி வேலைதான் வேண்டும். இரண்டு லொறி வைத்துக்கொண்டால் சண்டை குறையும்.

உங்களுக்கு ஒரே ஒரு வேலை: பாண் வாங்க வரும் ஆள். பையோடு வந்து கேளுங்கள். “தம்பி, பாண் இருக்கா?” ஒரு நாள் மணலைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். “இல்லை ரீச்சர்.” “ஏன் இல்லை?” “லொறி வரேல்லை.” “ஏன் வரேல்லை?” “மில்லில மா இல்லை.” “ஏன்?” “கப்பல் வரேல்லை.” என்னிடம் இருந்த பிள்ளை ஒருத்தி இதற்கு மேலும் ஒரு படி போய், “அங்க மழை பெய்யேல்லைப் போல” என்றாள். தான் கண்டிராத ஒரு வயலைப் பற்றி, தன் ஊர்க் கடையில் நின்றபடி அவள் யோசித்தாள். அந்த இடத்தில் பாராட்டி நிறுத்தாதீர்கள். “அப்ப என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அன்று நாங்கள் எல்லோரும் இடியப்பம் அவித்தோம்!

விளையாட்டை ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பெட்டி ஒரு வாரமாவது கிடக்கட்டும். பெட்டி கிழிந்தால் கப்பல் திருத்தும் வேலையும் வரும். கொப்பியில் ஒன்றுமில்லையே என்று கேட்கும் அம்மாவைக் கூப்பிட்டு, வாடிக்கையாளராகப் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். பிள்ளை தொடர்ந்து காரணம் சொல்வதைத் தன் காதால் கேட்பார்.

அடுத்தது தொலைபேசி. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவர் கடல் கடந்து இருக்கிறார். யன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கி, ஒரு தோடம்பழத்தில் இரண்டு பொட்டு வையுங்கள், திருகோணமலைக்கு ஒன்று, ரொறன்ரோவுக்கு ஏறக்குறைய மறுபக்கத்தில் ஒன்று. ரோர்ச் வெளிச்சத்தில் பழத்தை மெல்லச் சுழற்றுங்கள். நாங்கள் காலை எட்டரைக்கு வரும்போது அங்கே முந்திய நாள் இரவு பத்து, பதினொரு மணி. கட்டாரில் அதே நேரம் காலை ஆறு மணி. பிறகு பொம்மைத் தொலைபேசியில் ஒருவர் மாமாவாகிக் கொட்டாவி விடட்டும்.

இங்கே மட்டும் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். அம்மா வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளையை “நீ அம்மாவோட கதை” என்று தள்ளாதீர்கள். தொலைபேசியை அதன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு விலகுங்கள். எடுத்தால் எடுக்கட்டும். அழுதால் மடியில் இருத்துங்கள், விளையாட்டு மற்றவர்களோடு நடக்கும்.

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திமிங்கில விளையாட்டும் செய்யலாம். எங்கள் கரைக்கு வெளியே வரும் நீலத் திமிங்கிலம் 20 மீற்றரையும் தாண்டி வளரும். முற்றத்தில் 20 மீற்றர் கயிற்றை நீட்டிப் போட்டு, பிள்ளைகளை அதன் பக்கத்தில் தலையும் காலும் தொட வரிசையாகப் படுக்கச் சொல்லுங்கள். ஆள் காணாவிட்டால் வாலில் படுத்தவர்கள் எழும்பி ஓடி முன்னால் படுக்கட்டும். வெயில் ஏறினால் மணல் சுடும், காலையிலேயே செய்துவிடுங்கள்.