லெகோவுல சொந்தமா ஒரு அம்பாசிடர் கட்டலாம் வாங்க

லெகோ செட்ல வர்ற புக்க பாத்து நாலஞ்சு கார் கட்டி முடிச்சதும், கடைல கிடைக்காத ஒரு வண்டிய நாமளே டிசைன் பண்ணணும்னு கை பரபரக்கும், அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது. உதாரணத்துக்கு அம்பாசிடர எடுத்துக்கறேன். 1957லேருந்து 2014 வரைக்கும் கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல ஓடுன தயாரிப்பு, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3ங்கற பிரிட்டிஷ் காரோட உருவம். மூலைக்கு மூலை உருண்டு திரண்டு இருக்கற வண்டி, லெகோவோ கட்டம் கட்டமா இருக்கற பொருள், அதனாலயே கத்துக்க இதவிட நல்ல கார் எனக்குத் தெரியல. இதுல கைவந்துட்டா வேற எந்தக் காரையும் தைரியமா தொடலாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன். வீட்ல என்ன பீஸ் இருக்குன்னு டப்பாவ கொட்டிட்டு ஆரம்பிக்காதீங்க. சக்கரத்துலேருந்து ஆரம்பிங்க. லெகோவுல எந்த பாகத்தையும் ஒண்ண ரெண்டா அடுக்கி அளவ மாத்திக்கலாம், டயர மட்டும் மாத்த முடியாது, கம்பெனி என்ன சைஸ்ல குடுக்கறானோ அதுதான். அதனால டயரும் காரோட அகலமும் சேர்ந்துதான் ஸ்கேல முடிவு பண்ணும், மத்ததெல்லாம் அதுக்கப்பறம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். பீஸ் மேல துருத்திட்டு இருக்கற குமிழ்தான் ஸ்டட், ஒரு ஸ்டட்லேருந்து பக்கத்து ஸ்டட்டுக்கு 8 மி.மீ. செங்கல் மாதிரி இருக்கற பிரிக்கோட உயரம் 9.6, மெல்லிசான பிளேட்டோட உயரம் 3.2. மூணு பிளேட் அடுக்குனா ஒரு பிரிக். அம்பாசிடரோட அகலம் 1.66 மீட்டர் கிட்ட வரும், அத 8 ஸ்டட்ல அடக்குனா ஸ்கேல் 26ல ஒண்ணு. 8 ஸ்டட் ஏன்னா ரெண்டு மினிஃபிகர், அதான் லெகோவோட குட்டி மனுஷ பொம்மை, பக்கத்துல பக்கத்துல உக்காரலாம், லெகோவோட ஸ்பீட் சாம்பியன்ஸ் கார்களே 2020லதான் 6லேருந்து 8க்கு மாறுச்சு, அந்த ரெண்டு ஸ்டட்ல கார் முகம் எவ்ளோ தெளிவாச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். இப்ப நிஜ அளவ மில்லிமீட்டர்ல எழுதி 26ஆல வகுத்து, வர்றத திரும்ப 8ஆல வகுங்க, உயரத்துக்கு மட்டும் 8க்கு பதிலா 3.2ஆல வகுத்தா பிளேட் கணக்கு வந்துடும். வீல்பேஸ் 2464 மி.மீ., வகுத்தா 11.8, அப்ப ரெண்டு அச்சுக்கும் நடுவுல 12 ஸ்டட். மொத்த நீளம் 4.3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அது 21 ஸ்டட். உயரம் 1.6 மீட்டர் கிட்ட, தரைலேருந்து கூரை வரைக்கும் 19 பிளேட். வீல்பேஸ்ல ஒரு ஸ்டட் தப்புனாகூட பாக்கறவங்களுக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுடும், என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா அம்பாசிடர்னு சட்டுன்னு அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாங்க. பம்பர்ல ஒரு ஸ்டட் கூடினா யாருக்கும் தெரியாது.

போட்டோ எடுக்கும்போது போன கார் கிட்ட கொண்டு போகாதீங்க, மூக்கு பெருசா பின்பக்கம் சின்னதா வளைஞ்சு விழும். பத்து பதினஞ்சு அடி தள்ளி நின்னு ஜூம் பண்ணி, பக்கவாட்டுல நேரா ஒண்ணு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுங்க. பக்கவாட்டுப் படத்த கார் நீளம் சரியா 166 மி.மீ. வர்ற மாதிரி பிரிண்ட் போட்டு டேபிள்ல விரிச்சு வெச்சுடுங்க, கட்டக் கட்ட மாடல அது மேல படுக்க வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். எந்த சாஃப்ட்வேரும் இந்த ஒரு பேப்பர் குடுக்கற தெளிவ குடுக்காது.

இப்ப சேசிஸ், அதாவது காரோட அடிச்சட்டம். 24 மி.மீ. விட்டமும் 14 மி.மீ. அகலமும் உள்ள டயர் ஒண்ணு ரொம்ப சாதாரணமா கிடைக்கும், அதுதான் இந்த ஸ்கேலுக்கு. நிஜ அம்பாசிடர் டயர் ஒல்லி, இது அகலம், ஆனா உயரம் சரியா உக்காருது, அகலத்த ஃபெண்டர், அதான் சக்கரத்துக்கு மேல வர்ற பாடி, மறைச்சிடும். சக்கரம் மாட்டற அச்சுக் கம்பியா 8 ஸ்டட் நீள டெக்னிக் ஆக்ஸில் போட்டா 64 மி.மீ., ரெண்டு டயருக்கு 28 போக நடுவுல 36 மிச்சம். சேசிஸ 4 ஸ்டட் அகலத்துக்குக் கட்டுனா 32, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு மி.மீ. இடைவெளி, சக்கரம் உரசாம சுத்தும். ஆக்ஸில ஓட்டை உள்ள 1x2 (ஒரு ஸ்டட் அகலம், ரெண்டு ஸ்டட் நீளம்) டெக்னிக் பிரிக்ல விட்டீங்கன்னா பிரிக்கோட அடிப்பாகம் தரைலேருந்து 6 மி.மீ. சொச்சம் தூக்கி நிக்கும், அம்பாசிடரோட கிரவுண்ட் கிளியரன்ஸும் இந்த ஸ்கேலுக்கு ஏறக்குறைய அதேதான், தனியா மெனக்கெடவே வேணாம். டயரோட உச்சி அந்த பிரிக்கோட அடிலேருந்து அஞ்சரை பிளேட் உயரத்துல வரும், அதனால வீல் ஆர்ச்சுக்கு, அதான் சக்கரத்துக்கு மேல வர்ற வளைவுக்கு, உள்ள ஆறு பிளேட், அதாவது ரெண்டு பிரிக் உயரம் காலியா விடுங்க. அடில ஒரே நீளமான பிளேட் கிடைக்கலன்னா ரெண்டா போட்டு, இணைப்பு வர்ற எடத்துக்கு மேல குறுக்க இன்னொரு பிளேட் ஏத்திப் பூட்டுங்க, செங்கல் சுவர்ல இணைப்ப மாத்தி மாத்தி அடுக்கற மாதிரி. இணைப்பு மேல இணைப்பு வந்தா தூக்கும்போது நடுவுல பிளந்துக்கும்.

அடுத்தது முகம், நேரம் அதிகமா போற எடம் இதுதான், போகட்டும். 8 ஸ்டட்ட நடுவுல 4 பானெட், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு ஃபெண்டர்னு பிரிச்சுக்கங்க. பானெட் ஒசரமா, ஃபெண்டர் ஒரு படி கீழ இருக்கணும், அந்தப் படி இல்லன்னா அது அம்பாசிடர் இல்ல. ஹெட்லைட்டுக்கு ஹெட்லைட் பிரிக்னே பேர் வாங்குன பீஸ் இருக்கு, நம்பர் 4070. இதுல பக்கவாட்டு ஸ்டட் அர பிளேட் உள்ள அமுங்கி இருக்கும், அது மேல கண்ணாடி கலர் 1x1 வட்ட டைல் (டைல்னா மேல ஸ்டட் இல்லாத வழவழப்பான பிளேட்) வெச்சா வெளிய 1.6 மி.மீ. மட்டும் துருத்தும், லேசா முழிச்ச மாதிரி, அம்பாசிடர் கண்ணு அப்படியேதான். இதே எடத்துல பக்கவாட்டு ஸ்டட் அமுங்காம இருக்கற 1x1 பிரிக் 87087 போட்டா டைல் முழுசா 3.2 மி.மீ. வெளிய வந்துடும், லைட்ட தனியா ஒட்ட வெச்ச மாதிரி தெரியும். ரெண்டையும் கைல வெச்சு ஒருதடவ மாத்திப் பாருங்க, அர பிளேட் வித்தியாசம் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுடும்.

கிரில்லுக்கு பீஸ பக்கவாட்டுல திருப்பணும். ஸ்டட் மேல் பாக்காம வேற பக்கம் பாக்கற மாதிரி கட்டறத ஸ்னாட்னு சொல்லுவாங்க, கார் கட்டறவங்களுக்கு இதுதான் மெயின் வித்தை. L மாதிரி மடங்கி இருக்கற 44728 பிராக்கெட் ரெண்ட பக்கத்துல பக்கத்துல வெச்சா முன்னாடி பாத்து 4 ஸ்டட் அகலம், 2 ஸ்டட் உயரத்துக்கு ஒரு பரப்பு கிடைக்கும், அதுல 2412 கிரில் டைல் நாலு படுக்கையா ஒட்டுனா குறுக்குக் கம்பி ரெடி. இங்க ஒரு கணக்க மனசுல போட்டுக்கங்க: அஞ்சு பிளேட் அடுக்குனா 16 மி.மீ., ரெண்டு ஸ்டட்டும் 16 மி.மீ. அதனால திருப்பி வெச்ச ரெண்டு ஸ்டட் பரப்புக்குப் பக்கத்துல சரியா அஞ்சு பிளேட் உயரம் கட்டுனா இடுக்கே விழாது, நாலோ ஆறோ போட்டா கண்ண உறுத்தற சந்து. பானெட் நடுவுல ஓடற கோட்டுக்கு ஒரு ஸ்டட் அகல பீஸ் வேணும், ஆனா 8 இரட்டைப்படை, நடுவுல ஸ்டட் கிடையாது. ஜம்பர் பிளேட் 15573 போடுங்க, அது அர ஸ்டட் தள்ளி நடுவுல ஒரு ஸ்டட் குடுக்கும்.

வளைவுக்கு 61678, 11477, 15068ன்னு மூணு கர்வ் ஸ்லோப் தாராளமா வெச்சுக்கங்க. டிக்கிய பின்னாடி போகப் போக சரிய விடணும், பின் சக்கரத்தோட மேல் பகுதி ஃபெண்டருக்குள்ள கொஞ்சம் ஒளிஞ்சிருக்கணும். நிறைய பேர் முன்னாடி மாதிரியே பின்னாடியும் ஆர்ச்ச முழு வட்டமா விட்டுடறாங்க, அங்கதான் பழைய காரோட களையே போயிடுது. கூரைய 6 ஸ்டட் அகலத்துல நிறுத்துங்க, 8க்கு கொண்டு போனா வேன் ஆயிடும். கண்ணாடிக்கெல்லாம் ரொம்ப யோசிக்காதீங்க, டிரான்ஸ்பரன்ட் பேனல் கிடைச்சா சரி, இல்லன்னா வெறும் தூண் மட்டும் நிறுத்தி காலியா விட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.

பீஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்டூடியோங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஒருதடவ முழுசா கட்டிப் பாத்துடுங்க, லெகோ பீஸ் தனித்தனியா விக்கற ஆன்லைன் சந்தையான பிரிக்லிங்க் குடுக்கறது, அந்த பிரிக்லிங்க 2019ல லெகோவே வாங்கிடுச்சு. ஒரு பீஸ் இன்னொண்ணுக்குள்ள புகுந்தா அதுவே காட்டிடும், முடிச்சதும் பீஸ் லிஸ்ட்ட நேரா வாங்க வேண்டிய பட்டியலா மாத்திக்கலாம். அதுல எந்த பீஸுக்கு எந்தக் கலரும் அடிச்சுப் பாக்கலாம், ஆனா அந்தக் கலர்ல அந்த பீஸ லெகோ எப்பவாவது போட்டிருக்கானான்னு கேட்லாக்ல தனியா பாருங்க, இல்லாத பீஸ வெச்சு டிசைன முடிச்சுட்டா பாதி காரப் பிரிக்க வேண்டி வரும். மொத காருக்கு வெள்ளையே எடுங்க, எல்லா பீஸும் வெள்ளைல கிடைக்கும், அம்பாசிடருக்கும் அதுதான் பொருத்தம். கல்கத்தா டாக்ஸி வேணும்னா மஞ்சளும் சுலபம். டார்க் ரெட்டும் ரெட்டிஷ் பிரவுனும் பழைய ஸ்டாக்கா இருந்தா கழட்டும்போதே கிளிப்பெல்லாம் உடையும், மொத முயற்சிக்கு அந்த வேதனை வேணாம். பழைய வெள்ளை வெயில் பட்டு மஞ்சளாகியிருக்கும், அத அடிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் ஒதுக்கிடுங்க.

ஆர்டர் போடும்போது விலை கம்மியா இருக்குன்னு எட்டு கடைல பிரிச்சு வாங்காதீங்க, ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்ந்து பீஸ் விலைய தாண்டிடும். மொதல்ல இந்தியாவுல இருக்கற செல்லர்ஸ மட்டும் ஃபில்டர் பண்ணிப் பாருங்க, மிச்சத்த ஒரே வெளிநாட்டு கடைல முடிங்க. 1x1 பீஸெல்லாம் ரெண்டு மூணு கூடவே வாங்கிடுங்க, கட்டில் அடில உருண்டு போனா அதுக்காக இன்னொரு ஆர்டர் போட முடியாது.

கட்டி முடிச்சதும் கூரைய ரெண்டு விரலால பிடிச்சுத் தூக்குங்க. கூரை மட்டும் கைல வந்தா தூண் அடில ஒரு பிளேட் பூட்டு சேக்கணும். தள்ளி விட்டா நேரா ஓடணும், ஒரு பக்கமா இழுத்தா ஆக்ஸில் எங்கயோ இறுகியிருக்கு, சக்கரத்த ஒரு மயிரிழை வெளிய இழுத்துட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. ரெண்டும் சரியா வந்ததுக்கப்பறம் நம்பர் பிளேட்டுக்கு ஒரு 1x2 டைல ஒட்டிக்கலாம்.