வீட்டுச் சேவையகத்தை வீட்டார் அச்சமின்றிப் பயன்படுத்தச் செய்யும் முறை

படங்களையும் திரைப்படங்களையும் வைத்துப் பகிர வீட்டிலேயே ஓடும் கணினிதான் வீட்டுச் சேவையகம். அதன் எண்களாலான முகவரியைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுத்ததுதான் நான் செய்த முதல் தவறு. படங்களைக் காண இம்மிச் என்ற மென்பொருளுக்கு 2283, திரைப்படங்களுக்கான ஜெல்லிஃபினுக்கு 8096 என்று போர்ட் (ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல்) எண்களையும் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனதும் அவை வேலை செய்யவில்லை. ஒரே வாரத்தில் எல்லோரும் பழைய சேவைக்கே திரும்பிவிட்டார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே பெயர் திறக்க வேண்டும், எச்சரிக்கைப் பக்கம் எதுவும் வரக்கூடாது, எந்தப் பொத்தானையும் அழுத்தும்படி இருக்கக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளை அதன் பிறகே வகுத்துக்கொண்டேன்.

ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு ஒவ்வொரு சேவையையும் இணையத்தில் நேரடியாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தானியங்கி நிரல்கள் ஐபிவி4 முகவரிகளை (இணையத்தில் கருவிகளுக்குரிய எண்முகவரிகளை) ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கின்றன. மேலும் ஒரு தளப்பெயருக்கு, அது உண்மையானதென்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழைப் பெற்றவுடனேயே அப்பெயர் யாவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. வயர்கார்ட் என்ற விபிஎன் (வெளியிலிருக்கும் கருவியைக் குறியாக்கத்துடன் வீட்டு வலையமைப்போடு இணைக்கும் வழி) அப்படியல்ல. சரியான சாவியின்றி வரும் எந்தப் பொதிக்கும் அது பதிலே அளிக்காது என்பதால், துழாவுபவருக்கு அங்கே ஒன்றுமில்லை என்றே தோன்றும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் கணினிகள் வழியாகச் சேவையை வெளியே எட்டச் செய்யும் கிளவுட்ஃபிளேர் டனலும் ஒரு வழிதான். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு பதிவேற்றக் கோரிக்கை 100 மெகாபைட்டைத் தாண்ட முடியாததால் நீளமான காணொளிகளின் காப்பு தடைபடும், தரவின் குறியாக்கமும் வழியில் அவர்களிடம் அவிழ்க்கப்படும்.

முதலில் வீட்டு வலையமைப்பின் எண்வரிசையை மாற்றுங்கள். 192.168.1 என்பதையே பல ரூட்டர்கள் பயன்படுத்துவதால், உறவினர் வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசி உங்கள் சேவையகத்தைத் தேடும்போது அந்த வீட்டிலேயே தேடிக் குழம்பிப்போகும். 192.168.87 போன்று அரிதான ஒன்றை வைத்துக்கொண்டு, சேவையகத்திற்கு 192.168.87.10 என நிலையான முகவரி கொடுங்கள்.

அடுத்து, சொந்தமாக ஒரு டொமைன் பெயரை வாங்கி, அதன் எல்லாத் துணைப்பெயர்களையும் அந்த உள்முகவரிக்கே சுட்டும்படி பொது டிஎன்எஸ்ஸில் (பெயர்களை எண்முகவரிகளாக மாற்றித்தரும் இணைய அட்டவணையில்) பதியுங்கள். உள்முகவரியைப் பொதுவெளியில் பதிவதா என்ற தயக்கம் எழலாம்; ஆனால் வெளியாள் அதைத் தெரிந்துகொண்டாலும் அங்கே வந்து சேர வழியில்லை. சில ரூட்டர்கள் உள்முகவரியைத் தரும் இத்தகைய டிஎன்எஸ் பதில்களைத் தடுத்துவிடும். அவற்றில் உங்கள் டொமைனுக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டும். சேவையகத்தில் கேடி என்ற ரிவர்ஸ் ப்ராக்ஸியை (வரும் கோரிக்கையைப் பெயர் பார்த்து உரிய சேவைக்கு அனுப்பும் மென்பொருளை) நிறுவுங்கள். பெயர்தான் நம் காதுக்கு அப்படி ஒலிக்கிறதே தவிர, மிகவும் நாணயமான மென்பொருள்! உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்துக்கான கூடுதல் தொகுதியை அதனுடன் சேர்த்துவிட்டால், ஒரு போர்ட்டையும் திறக்காமலேயே எல்லாத் துணைப்பெயர்களுக்கும் பொதுவான சான்றிதழை டிஎன்எஸ் வழியாகப் பெற்று, காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்ளும். சுயமாகக் கையொப்பமிட்ட சான்றிதழை வைத்துவிட்டு, "எச்சரிக்கை வந்தால் தொடர்க என்பதை அழுத்துங்கள்" என்று வீட்டாரிடம் சொல்லிவைப்பது, மோசடித் தளங்களிலும் அவ்வாறே அழுத்த அவர்களைப் பழக்குவதாகும்.

இனி விபிஎன் இணைப்பு. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அங்கே வெளியிலிருந்து ஐபிவி4 வழியாக நேரடியாக நுழைய முடியாது. அப்போது, உள்ளே வயர்கார்டையே பயன்படுத்தும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை எளிய தீர்வாகும். சேவையகத்தின் உள்முகவரியை அதன் வழியே அறிவித்து, நிர்வாகப் பக்கத்தில் ஒப்புதல் அளித்துவிடுங்கள். அதன் சாவிகள் இயல்பாக 180 நாட்களில் காலாவதியாகும் என்பதை மறந்தால், அரையாண்டு கழித்து ஒருநாள் அம்மாவின் கைபேசி சத்தமின்றித் துண்டிக்கப்பட்டிருக்கும். ஆகவே வீட்டாரின் கருவிகளுக்குக் காலாவதியை நிறுத்திவையுங்கள். பொது முகவரி உள்ளவர்கள் யுடிபி 51820 என்ற ஒரே போர்ட்டைத் திறந்து நேரடி வயர்கார்டை அமைக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், சேவையகத்தின் முகவரிக்குரிய போக்குவரத்து மட்டும் விபிஎன் வழியே செல்லும்படி அமையுங்கள். எல்லாவற்றையும் அதில் திருப்பினால், வீட்டில் மின்சாரம் போகும்போது வெளியூரில் இருப்பவரின் கைபேசியிலும் இணையம் நின்றுவிடும். அவர் விபிஎன்னை அணைத்துவிட்டால் பிறகு ஒருபோதும் இயக்கமாட்டார். கைபேசியை நீங்களே கையில் வாங்கி, நேரடி வயர்கார்டானால் க்யூஆர் குறியீட்டாலும் டெயில்ஸ்கேலானால் செயலியில் உள்நுழைந்தும் அமைப்பை ஏற்றி, எப்போதும் இயங்கும் விபிஎன்னாகக் குறித்து, ஆண்ட்ராய்டாக இருந்தால் மின்கலச் சேமிப்பிலிருந்தும் விலக்கிவிடுங்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் தனிச் சாவி வேண்டும். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்கினால் போதும். சேவைகளிலும் ஒவ்வொருவருக்கும் நிர்வாக உரிமையற்ற தனிக் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொற்களைச் சேமிக்கும் வால்ட்வார்டனை வைத்திருந்தால் அதில் புதிய கணக்குப் பதிவை மூடிவிடுங்கள்.

வேறு வீட்டிலுள்ள தொலைக்காட்சிதான் உண்மையான தலைவலி. ஆண்ட்ராய்டு டிவிக்கும் ஆப்பிள் டிவிக்கும் டெயில்ஸ்கேல் செயலி உண்டு. விபிஎன் செயலியே இல்லாத தொலைக்காட்சியில் ஆண்ட்ராய்டு டிவி அல்லது ஆப்பிள் டிவி பெட்டி ஒன்றை இணைப்பதே, அங்குள்ள ரூட்டரை மாற்றி வயர்கார்டை அமைப்பதைவிடச் சுலபம்.

முடிவில், வீட்டார் ஒருவரின் கைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் தரவில் ஒரு படத்தைப் பதிவேற்றிப் பாருங்கள். பிறகு கைபேசியை மறுதொடக்கம் செய்து, நீங்கள் எதையும் தொடாமல், அவரையே ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள்.