ஹட்டியிலும் லைன் வீட்டிலும் செல்போன்: ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

குன்னூர்ப் பக்கம் சமூகவியல் பாடம் எடுக்கிறேன். வருடா வருடம் முதுகலைப் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்போடு வந்து நிற்பார்கள். பாதிப் பேர் கையில் ‘நீலகிரி மாவட்டத்தில் சமூக ஊடகங்களின் தாக்கம்’ என்றுதான் இருக்கும். நூறு பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து, சதவீதம் போட்டு, பைண்ட் பண்ணி வைத்துவிடலாம். அதற்குப் பிறகு அதை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஹட்டி (படுகர் ஊர்), லைன் வீடு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) என்று வாழும் நம் மலைக்காரர்கள் போனை வைத்துப் பிழைப்பை எப்படி ஓட்டுகிறார்கள் என்பது நல்ல ஆய்வுக்கு உரிய விஷயம். அதை ஒழுங்காகச் செய்யவும், செய்ததற்கு உரிய பெயரை வாங்கவும் பிள்ளைகளிடம் நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றில் பச்சைத் தேயிலை விலை யாருக்கு எந்த வழியாகத் தெரிகிறது? கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடை மெஷின் ஏற்காதபோது அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயமானதே, காட்டேஜுக்கு வருகிறவருக்கு அதை யார் எடுத்துக் கொடுக்கிறார்? இப்படி ஒரு வேலையைச் சுற்றிக் கேள்வி இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

விலை என்றதும் பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சனின் ஆய்வைப் படிக்கச் சொல்வேன். கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் சேவை பகுதி பகுதியாக வந்தது. அவர் மீனவர்களிடம் ‘போன் உபயோகமாக இருக்கிறதா’ என்று கேட்டு அதோடு விடவில்லை. மத்தி எந்தக் கரையில் என்ன விலைக்குப் போனது, எவ்வளவு விற்காமல் வீணானது என்று வாரா வாரம் கணக்கெடுத்தார். போன் வந்த இடங்களில் கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் குறைந்தது, மீன் வீணாவதும் நின்றது. 2007-ல் வெளியான அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நம் தேயிலைக்கு அது அப்படியே பொருந்தாது. படகை வேறு கரைக்குத் திருப்பலாம். ஆனால் கொழுந்தை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கும் லீஃப் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியவர், அடுத்த ஃபேக்டரியில் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் தெரிந்தாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தெரிந்துகொள்வது ஒன்று, அதை வைத்து ஏதாவது செய்ய முடிவது வேறு. உங்கள் ஆய்வை அந்த இடத்தில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது வீட்டுக்குள் போவது. ‘வீட்டில் எத்தனை போன்’ என்று கேட்டு ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வந்தால் பிரயோசனமில்லை. 1901-02-ல் ஆங்கிலேய மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இந்த மலைக்கு வந்து, மொழிபெயர்த்துச் சொல்வோரை வைத்துக்கொண்டு தோடர்களின் வம்சாவளிகளை எழுதியெடுத்தார். 1906-ல் வந்த அவருடைய நூலின் பலமே அந்த வம்சாவளிப் படங்கள்தான். அதே முறையைப் போனுக்கும் வையுங்கள். குடும்பப் படத்தை வரைந்துகொண்டு, எந்தப் போன் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த வருடம், என்ன பழுதோடு என்று அம்புக்குறி போடுங்கள். ரீசார்ஜ் யார் காசில் நடக்கிறது என்பதை வேறு மையில் குறியுங்கள்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு மாணவி ஒருத்தியோடு நானும் போயிருந்தேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் புதுப் போன் வாங்கியதும் பழையது தங்கைக்கு வந்தது, தங்கை வைத்திருந்தது அம்மாவுக்கு. அந்தப் போனில் கண்ணாடி விரிசல் விட்டு, கீழே இடது மூலை தொட்டால் வேலை செய்யாது. அம்மா எல்லாவற்றுக்கும் குரல் பதிவுதான் அனுப்புவார். மாணவி நோட்டில் ‘எழுதப் படிக்கத் தெரியாததால் குரல் பதிவு’ என்று குறித்துவிட்டாள். அந்த அம்மா எட்டாவது வரை படித்தவர், குரூப்பில் வரும் செய்திகளை நமக்கே வாசித்துக் காட்டினார். “அந்தப் பக்கம் அமுக்குனா எழுத்தே விழாதும்மா, அதான் பேசியே போட்டுர்றேன்” என்றார். வினாத்தாளில் இதற்குக் கட்டமே கிடையாது. பெண்களையும் தொழிலாளிகளையும் பற்றி நாம் வழக்கமாக எழுதும் காரணங்களில் எத்தனை இப்படிக் கண்ணாடி விரிசலாக இருக்குமோ என்று எனக்கு இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆகவே ஒருவர் போனை எப்படிப் பிடிக்கிறார், எங்கே அமுக்குகிறார், யாரைக் கூப்பிட்டு உதவி கேட்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். போனை வாங்கி நீங்கள் நோண்டக்கூடாது. அவர்களே காட்டட்டும்.

எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலை நம்பி முடிவு எழுதாதீர்கள். தாங்கள் சொல்லும் நேரமும் போன் பதிவு செய்த நேரமும் பலருக்கு ஒத்துப்போவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சம்மதித்தால் போனிலேயே இருக்கும் பயன்பாட்டு நேரக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஆடி மழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் என்றால் ஐப்பசி மழையிலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கரண்டும் டவரும் போன நாளில்தான் போன் இல்லாமல் எது நிற்கிறது, எது நடக்கிறது என்று தெரியும்.

சம்மதம் என்பது கையெழுத்துத் தாளோடு முடிகிற காரியம் இல்லை. 18 வயது நிறையாதவரை 2023-ன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையாகத்தான் பார்க்கிறது. பெற்றோரைக் கேட்காமல் பள்ளிப் பிள்ளைகளின் போனைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் உங்களைச் சேர்த்துவிட்டால், மற்றவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களில் பெரியவர்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏற வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பதும் சின்ன ஊரில் நடக்காது. ‘ஹட்டியில் டெய்லர் கடை வைத்திருக்கும் விதவைப் பெண்’ என்றாலே ஊருக்கே தெரிந்துவிடும். தொழிலையோ வயதையோ சேர்த்து மாற்றுங்கள், மாற்றியதை முன்னுரையில் சொல்லுங்கள்.

படிக்க ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டேனியல் மில்லர் தலைமையில் 9 மானுடவியலாளர்கள் உலகின் வெவ்வேறு ஊர்களில் 15 மாதம் தங்கிச் செய்த சமூக ஊடக ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதியை ஸ்ரீராம் வெங்கட்ராமன் செய்தார். 2017-ல் வந்த அவர் புத்தகத்தை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சென்னைக்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர் ‘பஞ்சகிராமி’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். சமவெளியில் அவர் பார்த்ததையும் மலையில் நீங்கள் பார்ப்பதையும் ஒப்பிட்டாலே ஒரு அத்தியாயம் தேறும்.

இனி பெயர் வாங்கும் விஷயம். நம் இனிஷியல் முறை வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குப் புரிவதில்லை. ச. மாலதி, மாலதி ச., கல்யாணத்துக்குப் பிறகு மாலதி குமார் என்று ஒரே பெண் மூன்று ஆளாகிவிடுவாள், மேற்கோள் கணக்கும் மூன்றாக உடையும். முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்சிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுங்கள். 2012-ல் தொடங்கிய இலவச வசதி அது. 16 இலக்க எண் ஆயுசுக்கும் உங்களோடு இருக்கும். தமிழில் எழுதினால் யூனிகோடில் தட்டுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேடு தேடலில் அகப்படாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் உங்கள் தலைப்பில் முன்பு யார் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களை மேற்கோள் காட்டுங்கள். வினாத்தாளையும் போன் வம்சாவளிப் படிவத்தையும் ஜெனோடோ (Zenodo) என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் டிஓஐ (DOI) என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், பிறர் எடுத்தாண்டால் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். பேட்டிப் பதிவுகளை மட்டும் ஏற்றவே கூடாது.

இதழ் தேர்வில் கவனம். தரமான இதழ்கள் என்று வைத்திருந்த யூஜிசி-கேர் பட்டியலை யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025-ல் கைவிட்டுவிட்டது. அதன் பெயரைச் சொல்லி இன்னமும் பணம் கேட்டு மெசேஜ் வந்தால் அழித்துவிடுங்கள். இரண்டே நாளில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்கிற இதழில் யாரும் உங்கள் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆசிரியர் குழுவில் இருப்பவர் நிஜமாகவே அங்கே இருக்கிறாரா என்று அவருடைய கல்லூரிப் பக்கத்தில் பாருங்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யூஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்று விசாரித்துவிட்டு நிதானமாக நல்ல இதழுக்கு அனுப்புங்கள்.

வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போன அக்கா, படுக மொழியில் கேட்டுச் சொன்ன தம்பி இவர்களை ‘நண்பர்கள் உதவினர்’ என்ற ஒரு வரியில் அடைக்காதீர்கள். ஆய்வுப் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் கிரெடிட் (CRediT) என்ற முறையை இன்று பல இதழ்கள் பின்பற்றுகின்றன. தரவு சேகரித்தவருக்கும் அதில் இடம் உண்டு. சம்மதித்தால் பெயர் போடுங்கள், வேலைக்குக் கூலியும் கொடுங்கள்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அதன் சாரத்தை மூன்று நிமிடக் குரல் பதிவாகப் பேசி, கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். எதையாவது எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுங்கள். பதில் வர இரண்டு வாரம் விடுங்கள். பறிப்புச் சீசன் என்றால் ஒரு மாதம்.