கோப்லினை வைத்து உங்கள் வீரனின் வளர்ச்சியை அளப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) போல மேசையில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளில் லெவல் ஏறினால் கேரக்டர் ஷீட்டில் (வீரனின் எண்களை எழுதிவைக்கும் தாளில்) எண்கள் மாறுகின்றன, ஆனால் ஆடும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே என்று புதிதாக ஆட வருபவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். நியாயமான புகார்தான். நீங்கள் வளர வளர கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) எதிரியையும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். முதல் லெவலில் கோப்லின் என்ற குட்டி அரக்கனிடம் திணறினீர்கள், ஐந்தாவதில் ட்ரோல் என்ற பெரிய அரக்கனிடம் திணறுகிறீர்கள், திணறல் மட்டும் அப்படியே இருக்கிறது. வளர்ச்சி கண்ணில் படவேண்டும் என்றால் அதே பழைய கோப்லின் திரும்பி வரவேண்டும், அதுவும் எண்கள் மாறாமல். அதை எப்படிக் கணக்குப் போடுவது, எப்படிக் களத்தில் இறக்குவது என்று பார்ப்போம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எதிரியின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கோப்லினுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்டவேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (உயிர்) 7. தாக்கும்போது டி20 (இருபது முகப்) பகடையோடு 4 கூட்டும், பட்டால் 1டி6+2 (ஓர் ஆறுமுகப் பகடையோடு 2) சேதம், அதாவது சராசரியாக ஐந்தரை. கொன்றால் 50 எக்ஸ்பி (லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி). இவ்வளவு போதும்.

படி 2: ஒரு டர்னில் (உங்கள் முறை ஒன்றில்) எத்தனை கோப்லினை வீழ்த்துவீர்கள்?

ஒரு சாதாரண ஃபைட்டரை (ஆயுதம் ஏந்திச் சண்டையிடும் வீரனை) எடுத்துக்கொள்வோம். பலம் 16, ஒரு கையில் நீள வாள், மறு கையில் கேடயம், சண்டைப் பாணி டூயலிங் (ஒற்றைக் கை ஆயுதத்தின் சேதத்தைக் கூட்டுவது). முதல் லெவலில் இவர் பகடையோடு 5 கூட்டுவார், எனவே 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும், அது 55 சதவீதம். சேதம் 1டி8+5. டி8-இல் 1 விழுந்தால் மொத்தம் 6, கோப்லின் ஒரே ஒரு ஹிட் பாயிண்டோடு தப்பித்து நிற்கும். இதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு டர்னுக்கு ஏறக்குறைய அரை கோப்லின்தான்.

இப்போது நான்காம் லெவல். பலத்தை 18 ஆக்கிவிட்டார் என்றால் சேதம் 1டி8+6 ஆகிறது. ஒன்றே விழுந்தாலும் 7, அதாவது கோப்லினின் மொத்த உயிரும் அதுதான்! இனி வாள் பட்டாலே கோப்லின் காலி, சேதப் பகடையை உருட்டவே வேண்டாம். ஒரே ஒரு புள்ளிதான் கூடியிருக்கிறது, ஷீட்டில் அது கண்ணிலேயே படாது, ஆனால் மேசையில் ஆட்டமே மாறிவிடும். (ஆர்க் என்ற இன்னும் பெரிய எதிரி என்றால் 15 ஹிட் பாயிண்ட், அங்கே இந்த ஒரு புள்ளி பெரிதாக ஒன்றும் செய்யாது.) ஐந்தாம் லெவலில் இரண்டாவது அடி கிடைக்கிறது, பகடையோடு கூட்டுவதும் 7 ஆகிறது. ஒவ்வொரு அடிக்கும் 65 சதவீதம், அதனால் டர்னுக்குச் சராசரி 1.3 கோப்லின். பதினோராம் லெவலில் மூன்று அடி, பலம் 20 என்று வைத்தால் 2.25.

விசார்டு (மந்திரவாதி) வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை வேறு மாதிரி போடவேண்டும். முதல் லெவலில் ஸ்லீப் மந்திரம் 5டி8, சராசரி இருபத்திரண்டரை ஹிட் பாயிண்ட், அதில் மூன்று கோப்லின் தூங்கும். ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வந்துவிடும். 8டி6, சராசரி 28, பாதி சேதத்தோடு தப்பினாலும் 14. இருபது அடி ஆரத்துக்குள் இருக்கிற அத்தனையும் சாம்பல்.

படி 3: எத்தனை கோப்லின் சேர்ந்தால் நீங்கள் விழுவீர்கள்?

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஐந்தாம் பதிப்பின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. நம் ஃபைட்டருக்கு செயின் மெயிலும் கேடயமும் சேர்த்து ஆர்மர் கிளாஸ் 18. கோப்லின் 14 அல்லது மேல் போடவேண்டும், 35 சதவீத வாய்ப்பு. ஒரு கோப்லின் ஒரு ரவுண்டுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பதற்குள்) சராசரியாக இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகக் கடிக்கும். முதல் லெவலில், கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 என்றால், உயிர் 12. ஆறேழு கோப்லின் சூழ்ந்தால் ஒரே ரவுண்டில் கதை முடிந்தது.

ஐந்தாம் லெவலில் உயிர் 44, பதினோராம் லெவலில் 92. கவசத்தை மாற்றாவிட்டால் கோப்லினின் அடி படும் வாய்ப்பு அதே 35 சதவீதம்தான், கொஞ்சமும் குறையாது. உயிர் கூடியதால் மட்டும் ஆறேழு என்பது இருபத்து மூன்றாகவும், பிறகு நாற்பத்தெட்டாகவும் ஆகிறது. லெவல் ஏறினால் அடி படுவது குறையும் என்று நினைத்துக் கூட்டத்துக்குள் புகுந்தால் அடி வாங்கிக்கொண்டேதான் இருப்பீர்கள். தாங்கத்தான் பழகியிருக்கிறீர்கள்.

எல்லா கேமும் இப்படி இல்லை. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கேமின் இரண்டாம் பதிப்பில் லெவல் எண்ணே தாக்குதலிலும் தற்காப்பிலும் சேர்ந்துவிடுகிறது, அதனால் சிறிய எதிரியால் பெரிய வீரனைத் தொடுவதே கஷ்டம், வீரனோ தேவையான எண்ணைப் பத்தோ அதற்கு மேலோ தாண்டி அடித்து கிரிட்டிக்கலாக (இரட்டைச் சேதமாக) குவிப்பார். டி அண்ட் டி நான்காம் பதிப்பில் மினியன் என்று ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் உள்ள அடியாட்களை வைத்தார்கள். பழைய அட்வான்ஸ்டு டி அண்ட் டி முதல் பதிப்பில் கோப்லின், கோபால்டு போல ஒரு முழு ஹிட் டைஸ்கூட (உயிரைக் கணக்கிடும் பகடை) இல்லாதவற்றை ஃபைட்டர் தன் லெவல் எத்தனையோ அத்தனை முறை ஒரே ரவுண்டில் வெட்டலாம். எனக்குப் பிடித்தது இதுதான், ஃபைட்டருக்கென்றே ஒரு கெத்து.

படி 4: கோப்லினைக் கொன்றே லெவல் ஏறலாம் என்று நினைக்காதீர்கள்

வீடியோ கேம் பழக்கம் இது. நான்கு பேர் கொண்ட குழு இரண்டாம் லெவலைத் தொட 24 கோப்லின் போதும். நான்கிலிருந்து ஐந்துக்குப் போக 304. பத்திலிருந்து பதினொன்றுக்கு 1,680. யார் உட்கார்ந்து உருட்டுவது?

படி 5: களத்தில் இறக்குங்கள் (கேம் மாஸ்டருக்கு)

முதல் லெவல் நால்வர் மேல் நான்கு கோப்லினை ஏவினால் விதிப்புத்தகக் கணக்கில் 200 எக்ஸ்பி, கூட்டத்துக்கு இரண்டு மடங்கு, ஆக 400. முதல் லெவலுக்கு 'டெட்லி' (உயிருக்கே ஆபத்து) எல்லையே அதுதான். எனவே தொடக்கத்தில் ஒரு முறை அதே நான்கு கோப்லினை வைத்து நன்றாகப் பயமுறுத்துங்கள், யார் யார் எத்தனை ரவுண்டில் விழுந்தார்கள் என்று ஓரமாகக் குறித்து வையுங்கள். ஐந்தாம் லெவல் வந்ததும் பன்னிரண்டு கோப்லினை அனுப்புங்கள். அதே சூத்திரத்தில் 600, மூன்று மடங்கு, 1,800. ஐந்தாம் லெவல் நால்வருக்கு 'மீடியம்' 2,000-இல்தான் தொடங்குகிறது, ஆகவே இது 'ஈஸி'.

எல்லாரையும் ஒரே இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். விசார்டு ஒரு ஃபயர்பாலில் முடித்துவிடுவார், ஃபைட்டர் வாளை உருவியபடி வேடிக்கை பார்ப்பார். ஐந்தாறு பேர் வாசலில், மூன்று பேர் மேலே வில்லோடு, மிச்சம் பின்பக்கமாக என்று பிரித்து வையுங்கள். கோப்லின் அடித்துவிட்டு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒளிந்துகொள்ளவும் விலகி ஓடவும் முடியும், அதையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் சும்மா வெட்டுப்படும் பொம்மைகள் ஆகிவிடும்.

பன்னிரண்டு பகடை உருட்டி நேரம் போகிறதா? 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் கும்பலுக்கென்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. கோப்லினுக்கு 14 தேவை என்றால் தாக்கும் மூன்று கோப்லினில் ஒன்றின் அடி பட்டதாக வைத்துக்கொள்ளலாம், 16 தேவை என்றால் நான்கில் ஒன்று. அப்புறம், எட்டுப் பேர் விழுந்த பிறகும் மிச்சம் நான்கு சாகும்வரை சண்டை போடவேண்டிய அவசியமில்லை. இரண்டு ஓடட்டும், ஒன்று ஆயுதத்தைக் கீழே போட்டு உயிருக்குக் கெஞ்சட்டும், கடைசி ஒன்றை என்ன செய்வது என்று ஆடுபவர்களே அடித்துக்கொள்ளட்டும்.