கொந்தராத்தோடு இன்னொரு தொழிலா? கணக்கைப் பிரித்து வையுங்கள்

மாரி தொடங்கினால் வன்னியில் கட்டட வேலை படுத்துவிடும். அந்த மாதங்களைச் சமாளிக்க, கொந்தராத்துக் கம்பனியோடு ஒரு கோழிப்பண்ணையும் போடலாம் என்று பலர் நினைப்பதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பழைய கம்பனியின் பெயரிலேயே அதை நடத்தாதீர்கள்.

கட்டட ஒப்பந்தங்களில் வேலை கொடுத்தவர்கள் வழக்கமாக ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம்வரை பிடித்து வைப்பார்கள். அதன் கடைசிப் பகுதி, குறைபாடு திருத்தும் காலம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பெரும்பாலும் ஒரு வருடம். அந்தக் காசை நம்பித் தீன் மூட்டைகளைக் கடனுக்கு எடுத்தால் கோழி காத்திருக்குமா?

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவது சுலபம். ஆனால் அது உங்களையும் தொழிலையும் சட்டப்படி பிரிக்காது. கடன் வந்தால் வீடு வளவும் பதில் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரையறுத்த (லிமிட்டெட்) கம்பனியாகப் பதிந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது உங்களிலிருந்து வேறான ஓர் ஆள். (வங்கி உங்கள் சொந்தப் பிணையைக் கேட்டால் அந்தப் பாதுகாப்பும் பாதிதான்.)

சரி, முட்டை விற்ற காசில் மேசனுக்குச் சம்பளம் கொடுக்க நேர்ந்துவிட்டதா? அன்றைக்கே கடன் என்று இரண்டு கணக்கிலும் எழுதிவிடுங்கள்.